மரண தண்டனையா, கொலைத்தண்டனையா?

மரண தண்டனை என்பது இரண்டு வடசொற்கள் சேர்ந்த தொடர். மரணம் என்றால் சாவு. தண்டம் என்றால் கோல், கழி. அரசன் கையில் இருந்த கோல் அதிகாரத்துக்கு அடையாளமாகி, பிறகு அவன் கொடுக்கும் தண்டனைக்கே பெயராகிவிட்டது. தமிழ்த் 'தண்டு' என்பதிலிருந்துதான் வடமொழித் தண்டமே பிறந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். தருமபுரிப் பக்கம் ஊர்ப் பஞ்சாயத்தில் 'தண்டம் போட்டாங்க' என்றால் இன்றும் அபராதம்தான். ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் இதையே 'உரி சிட்ச' என்பார்கள். உரி என்பது சுருக்குக் கயிறு. சிட்சை நம் பழைய தமிழிலும் உண்டு, கற்பிப்பதற்கும் தண்டிப்பதற்கும் அது ஒரே சொல்.

பேச்சில் யாரும் மரண தண்டனை என்று சொல்வதில்லை. தூக்கு என்பார்கள். இந்தச் சொல் ஆழமானது. தூக்குதல் என்றால் மேலே எடுப்பது, தொங்கவிடுவது, அதோடு எடை போடுவதும்கூட. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று வள்ளுவர் நடுவுநிலைமையில் சொல்வது தராசை. நீதிபதி இரு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பதும் தூக்குதான், கயிற்றில் முடிவதும் தூக்குதான்.

தருமபுரிக்காரர்களுக்கு இது அகராதியில் மட்டும் இருக்கும் சொல் அல்ல. 2000 பிப்ரவரி 2 அன்று இலக்கியம்பட்டியில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் சுற்றுலா வந்த பேருந்து எரிக்கப்பட்டது. தங்கள் கட்சித் தலைவருக்கு எதிராக ஒரு தீர்ப்பு வந்த கோபத்தில் கட்சிக்காரர்கள் அதைச் செய்தார்கள். மூன்று பெண்கள் உள்ளேயே கருகிப்போனார்கள். அன்றைக்கு 'அவனுங்களத் தூக்குல போடணும்' என்று சொல்லாதவர் குறைவு. அந்தக் கோபத்தில் ஒரு துளிகூடப் பொய் இல்லை. கிருஷ்ணகிரியில் தொடங்கிய விசாரணை சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2007-இல் மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2010-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2016-இல் மறுசீராய்வில் அதே நீதிமன்றம், கும்பல் வெறியில் நடந்தது, கொல்லும் திட்டத்தோடு செய்ததல்ல என்று கருதி ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018-இல் அவர்கள் விடுதலையானார்கள்.

ஒரே வழக்கு, ஒரே சாட்சியங்கள். ஆனால் 2010-இல் 'அரிதினும் அரிதான வழக்கு', 2016-இல் அப்படி இல்லை. இந்தத் தொடர் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் வந்தது. தூக்கு விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்த தொடர்தான். ஆனால் எது அரிது என்பதை அளக்க நம்மிடம் படிக்கல் இல்லை. ஆறு ஆண்டு இடைவெளியில் மூன்று உயிர்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடின. விடுதலை சரியா என்பது தனிக் கேள்வி. பெண்ணைப் பறிகொடுத்த வீடுகளுக்கு அது ஆறாத ரணம். நான் கேட்பது, 2010-க்கும் 2016-க்கும் நடுவில் கயிறு முந்தியிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதுதான்.

சரி, தூய தமிழ்ச் சொல் எது? பலர் 'ஒறுப்பு' என்கிறார்கள். சாவொறுப்பு, இறப்பொறுப்பு என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஒறுத்தல் நல்ல பழஞ்சொல். எலத்தகிரி, கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் இன்றும் காதில் விழும். நாற்பது நாள் இறைச்சியை விடுவது, ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைப்பது, இதெல்லாம் ஒறுத்தல். வருத்தும், ஆனால் ஆளைத் திருத்தி நிறுத்தும். குறளிலும் 'தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங் கொறுப்பது வேந்து' என்றுதான் வருகிறது. குற்றத்தைத் தக்கபடி ஆராய்ந்து, அவன் மறுபடி அதைச் செய்யாதபடி, குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுப்பவனே அரசன். மறுபடி செய்யாமல் இருக்க ஒருவன் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? எனக்கு 'சாவொறுப்பு' ஒட்டாத சொல்லாகவே படுகிறது.

ஆனால் அதே வள்ளுவர்தான் 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்றும் எழுதியிருக்கிறார். இதை மறைத்துப் பேசக்கூடாது. 'கொலையில் கொடியார்' என்று சேர்த்துப் படித்தால், கொலைத்தொழிலில் கொடியவர்களை அரசன் ஒறுக்க வேண்டும் என்பதோடு நிற்கும். எப்படி என்று சொல்லாது. பரிமேலழகர் 'கொலையின்' என்பதைப் பிரித்து ஒறுத்தலோடு சேர்த்தார்: கொடியவர்களைக் கொலையால் ஒறுத்தல். மு.வ. உரையில் இது 'கொலைத்தண்டனை' ஆயிற்று. ஒரு வேற்றுமை உருபை எங்கே சேர்க்கிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. அது பயிரில் களை எடுப்பதற்குச் சமம் என்கிற உவமை பரிமேலழகர் பக்கம் சாய்வதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். களையை யாரும் திருத்துவதில்லை, பிடுங்கிப் போடுவார்கள்.

சரி, களைக்கே வருவோம். பென்னாகரம் பக்கம் ராகிக் கொல்லையில் முதல் களை எடுக்கும்போது பாருங்கள். ராகியும், ராகி சாயலிலேயே முளைத்த புல்லும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கை பழகிய பெண்கள் குனிந்து, தாளை விரலால் விலக்கிப் பார்த்துத்தான் களைக்கொத்தைப் போடுவார்கள். அப்படியும் நல்ல பயிர் ஒன்றிரண்டு சேர்ந்து வந்துவிடும். வேரோடு வந்ததை அங்கேயே ஊன்றித் தண்ணீர் விட்டால் பிழைத்தும் போகும். மனிதனுக்கு அந்த வசதி கிடையாது. குறளின் உவமையை உழவர் கண்ணோடு பார்த்தால் எனக்கு இந்தப் பயம்தான் முதலில் வருகிறது.

பழைய தமிழ்நாட்டில் கழுமரமும் இருந்தது, வேறு வழியும் இருந்தது. கைத்தவறாக ஒருவனைக் கொன்றுவிட்டவனைச் சாகடிக்காமல், கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க ஆடுகள் கொடுக்கச் சொன்ன தீர்ப்புகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. விளக்குக்கு விட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. செத்ததற்கும் கிழடு தட்டியதற்கும் ஈடாகப் புதிது சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய மந்தை.

ஆகவே என் பரிந்துரை 'கொலைத்தண்டனை'. தூக்கை ஆதரிக்கும் மு.வ. உரையிலிருந்தே இதை எடுக்கலாம், யாரும் கட்சிச் சொல் என்று தள்ள முடியாது. மரணம் தானாக வரும். கொலைக்குச் செய்பவர் ஒருவர் வேண்டும். செய்தி எழுதுபவர்கள் 'மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது' என்பதைவிட 'அரசு தூக்கிலிட்டது' என்று எழுதலாம். 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கரை அரசு தூக்கிலிட்டது. தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. சட்டப் பிரிவுகளை மேற்கோள் காட்டும்போது மட்டும் மரண தண்டனை இருக்கட்டும், வக்கீல்கள் குழம்ப வேண்டாம்.

அப்புறம், கருணை மனு. அரசியலமைப்பின் 72-ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கும் 161-ஆம் பிரிவு ஆளுநருக்கும் தரும் அதிகாரத்தை நாடிப் போடும் மனு அது. இதை 'இரக்க விண்ணப்பம்' என்று மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. கருணை படிக்காதவருக்கும் புரியும் சொல், சிறைக்குள் இருப்பவரின் அம்மாவும் அதைத்தான் சொல்வார்.