சாவியைக் கடைசியில் திருப்புங்கள்

பல வருடம் மூலையில் கிடந்த பழைய காரைப் பார்த்ததும் கை நேராகச் சாவிக்குத்தான் போகும். ஒரு பேட்டரியை மாட்டி, கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றி, செல்ப் அடித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய பல என்ஜின்கள் பாழாவது அந்த முதல் செல்ப்பில்தான். வண்டி சும்மா நின்ற காலத்தில் உள்ளே என்னென்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், எதை எந்த வரிசையில் தொட வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் காற்றிலிருந்து தொடங்குவோம். ஓடாத என்ஜின் பார்வைக்கு மூடிய பெட்டி போலத்தான் இருக்கும். ஆனால் நான்கு சிலிண்டர் என்ஜின் எந்த இடத்தில் நின்றாலும், ஏதோ ஒரு சிலிண்டரில் ஒரு வால்வு திறந்தே இருக்கும். ஏர் ஃபில்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ வெளிக்காற்று அந்தச் சிலிண்டருக்குள் போய்வந்துகொண்டிருக்கும். இரவில் குளிர்ந்த இரும்புக் கட்டி காலையில் மெதுவாகத்தான் சூடேறும். அதற்குள் ஈரமான வெளிக்காற்று உள்ளே வந்தால், குளிர்ந்த சிலிண்டர் சுவரில் நீர்த்துளி படியும். ஒரு காலைப்பொழுதில் படிவது ஒன்றுமில்லை. ஆயிரம் காலைகள் இப்படிப் போனால் கதை வேறு. சுவரில் இருந்த ஆயில் படலம் எப்போதோ கீழே வடிந்துபோயிருக்கும், வெறும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும்.

இரும்பு துருவாக மாறும்போது அது அடைத்துக்கொள்ளும் இடம் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் வளையங்களான பிஸ்டன் ரிங்குகளுக்கு அந்த இடைவெளியும் கிடையாது, அவை சுவரை ஒட்டியே உரசி ஓடுபவை. அதனால்தான் பார்க்க லேசாகத் தெரியும் துரு கூட மொத்த என்ஜினையும் இறுக்கிப் பிடித்துவிடுகிறது. நின்றே கிடந்த என்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னால், பெரும்பாலும் நடந்தது இதுதான். இந்த நிலையில் செல்ப் அடித்தால் சொரசொரப்பான சுவரில் ரிங் இழுபட்டுக் கீறல் விழும், ரிங்கே உடையவும் கூடும்.

இதற்கு மருந்து பொறுமை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெயை மேலே ஏற்றும் அதே நுண்புழை ஏற்றம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. சந்து குறுகக் குறுக எண்ணெய் அதற்குள் இன்னும் பலமாக இழுக்கப்படும். ஆனால் நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று நாளாவது ஊற வேண்டும், சில என்ஜின்களுக்கு வாரங்கள்கூட ஆகும். அப்புறம் பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நூலளவு அசைந்தால் போதும், பாதி வெற்றி. மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. நீளமான குழாயை ஸ்பேனரில் செருகி முழு பலத்தையும் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வலிக்கும்.

வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்திசைக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட் உள்ள என்ஜினாக இருந்தால் திருப்புவதற்கு முன்பே அதைக் கவனியுங்கள். ரப்பர் ஓடாமலே மூப்படையும். பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ, பல என்ஜின்களில் திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் முட்டி வளைத்துவிடும்.

முதல் சில சுற்றுகள் பிளக் இல்லாமல்தான் நடக்க வேண்டும். இதற்கு அழுத்தமான காரணம் உண்டு. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. நாம் விட்ட எண்ணெயோ, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரிலிருந்து கசிந்த பெட்ரோலோ சிலிண்டரில் தேங்கியிருந்து, பிளக் மூடியிருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், வளைவது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான். பிளக் ஓட்டை திறந்திருந்தால் தேங்கியதெல்லாம் வெளியே பீய்ச்சிவிடும், ஆபத்து தீர்ந்தது.

ஆயிலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அது கசிந்து ஆயிலில் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த ஆயில் நீர்த்துப்போயிருக்கும். கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளில் ஆயில் படலம் இல்லாத நிலையில், புது ஆயில் ஊற்றியதும் பிளக் இல்லாமலே சில நொடிகள் செல்ப் அடித்து, ஆயில் எச்சரிக்கை விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டரில் பெட்ரோல் வெடித்து எரிவதன் அடி பேரிங்கில் விழும் முன்பே அங்கே ஆயில் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்தது பெட்ரோல். நின்ற வண்டி கிளம்பாததற்கு மிகப் பெரும்பாலும் காரணம் இதுதான். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் உள்ள பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. குளிர்ந்த என்ஜின் சட்டென்று பற்றிக்கொள்ள இப்படிப்பட்ட லேசான பொருட்கள்தான் வேண்டும், டேங்கிலிருந்து முதலில் ஆவியாகிப் போவதும் இவைதான். மிஞ்சுவது கனமான, சோம்பலான பகுதி. அதில் சிலவகை மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாக மாறும். பழைய பெட்ரோலில் வீசும் வார்னிஷ் வாடை இதன் அடையாளம்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். 10 சதவீதம் எத்தனால் உள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் சாதாரண வெப்பநிலையில் சுமார் 5 மில்லி நீர் வரை தாங்கும். அதைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். என்ஜினுக்குப் போவது எரியாத தண்ணீர்க் கலவை, டேங்குக்கு மிஞ்சுவது துரு. அதனால் பழைய பெட்ரோலோடு புதியதைக் கலந்து ஓட்டிவிடலாம் என்ற கணக்கு வேண்டாம். முழுவதையும் இறக்கிவிட்டு, முதல் சோதனைக்கு டேங்கையே விட்டுவிட்டுத் தனி கேனிலிருந்து புதுப் பெட்ரோல் கொடுங்கள்.

பிசின் சேரும் இடம் கார்புரேட்டர். காற்று குறுகலான கழுத்தைக் கடக்கும்போது வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் ஜெட் என்ற சிறு துளை வழியாக மேலே தள்ளுகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கை ஒட்டி அந்தச் சிறு துளை அளவு பார்த்துக் கொடுக்கும். வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் ஐடில் ஜெட்டின் துளை 0.45 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துளையின் உட்சுவர் முழுக்க ஒரு தலைமுடியின் கனத்துக்கு, அதாவது 0.07 மில்லிமீட்டருக்குப் பிசின் படிந்தால் போதும், வழியில் பாதிக்கு மேல் அடைபட்டுவிடும். சோக்கை இழுத்தால் ஓடி, உள்ளே தள்ளியதும் அணைந்துபோகிற வண்டியைப் பார்த்திருப்பீர்கள். சோக் காற்றைக் குறைத்து, அடைபட்ட ஜெட்டின் குறையை மறைத்துவந்தது, அவ்வளவுதான். கழற்றி, பிசினைக் கரைக்கும் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அந்த அளவு திரும்பி வராது.

சரி, பெட்ரோல் வந்துவிட்டது. பொறி வருகிறதா? பழைய வண்டிகளில் இருப்பது, சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி கேடிலாக் கார்களுக்காக உருவாக்கிய ஏற்பாட்டின் வாரிசு. பாயிண்ட் என்ற சிறு மின்தொடுப்பு மூடியிருக்கும்போது, காயில் என்ற கம்பிச்சுருளில் மின்னோட்டம் ஏறும். பாயிண்ட் திறந்ததும் அது சட்டென்று நிற்க, காந்தப்புலம் சரிந்து, 12 வோல்ட் சுமார் 20,000 வோல்ட்டாக எழும்பிப் பிளக்கில் பாயும். வருடக்கணக்கில் நின்ற பாயிண்ட்டின் முகத்தில் ஆக்சைடு படலம் படிந்து, மின்னோட்டத்தைத் தடுக்கும். மின்னோட்டம் பாதியானால் காயிலில் சேரும் ஆற்றல் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். மெல்லிய உப்புத்தாளால் பாயிண்ட்டை நாலு தேய்ப்புத் தேய்த்ததும் செத்த என்ஜின் எழுந்துகொள்வதற்கு இதுதான் காரணம்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. பிளக்கை வெளியே எடுத்து என்ஜின் உடம்பில் தொட்டு வைத்துப் பார்த்தால் பொறி வரும், உள்ளே மாட்டினால் வராது. அமுக்கப்பட்ட காற்றில் பொறி தாவுவதற்கு இன்னும் அதிக வோல்ட்டேஜ் வேண்டும். வெளியே மெலிந்து சிவப்பாக வரும் பொறியை நம்பாதீர்கள், நீலமாகச் சொடுக்கி விழ வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் உண்டாகும் அமுக்கம், அளக்க வேண்டும். கருவியில் வரும் எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால், ரிங் ஓரமாக நழுவிய காற்றை ஆயில் அடைத்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வைச் சந்தேகப்படுங்கள், அல்லது சிலிண்டர்களுக்கும் மேல்மூடிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டை. ரிங்கில் குறை தெரிந்தாலும் உடனே என்ஜினைப் பிரித்துவிட வேண்டாம். பள்ளத்தில் கரி பிடித்து ஒட்டிக்கொண்ட ரிங் சில மணி நேரம் ஓடியதும் விடுபட்டு, கம்ப்ரஷன் மீண்டுவிடுவது உண்டு.

இப்போது சாவி. ரேடியேட்டரில் கூலண்ட் இருக்கட்டும், பெட்ரோல் குழாய்களில் வெடிப்பு இல்லை என்று கையால் தடவிப் பார்த்திருக்கட்டும், தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதனால் கதவு திறந்த இடத்தில்தான் இந்த வேலை. என்ஜின் பிடித்ததும் புகை கிளம்பும், பயப்பட வேண்டாம். நாம் சிலிண்டரில் விட்ட எண்ணெய் நீலப் புகையாக எரிந்து தீரும். பின்னால் வெண்புகையும் நீர்த்துளியும் வரும்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உருவாகிறது, குளிர்ந்த சைலன்சரில் அது படிந்து வடிகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல் கூலண்ட் குறைந்துகொண்டே போனால் அது ஹெட் கேஸ்கெட் விவகாரம். வெப்பமானியின் முள்ளையும் பார்த்துக்கொண்டே இருங்கள், சூடேறியதும் கூலண்டுக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வருடக்கணக்கில் அசையாமல் மூடியபடியே ஒட்டியிருக்கலாம்.

அரை மணி ஓடியதும் என்ஜினை நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் அந்தப் புது ஆயிலையும் இறக்கிவிடுங்கள். துருத்தூளும் பழைய கசடும் அதில் மிதந்துகொண்டிருக்கும்போதே வெளியேறிவிடும், ஆறவிட்டால் மறுபடி அடியில் தங்கிவிடும். வண்டியை நகர்த்துவது இன்னும் தள்ளித்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் பொருள். டாட் 3 (DOT 3) என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு வைத்திருக்கும் வரம்பு 140 டிகிரிதான். அதை மாற்றி, நான்கு சக்கரமும் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு கியரைப் போடலாம்.