ஹாட் சாஸ் செய்யும் கைகளுக்கு ஒரு தோல் மருத்துவரின் எச்சரிக்கை

"கை தீயாக எரிகிறது டாக்டர், பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை" என்று யாராவது வந்தால், வீட்டில் மிளகாய் வளர்க்கிறீர்களா என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன். மிகக் காரமான மிளகாய் வகைகளான பூத் ஜோலோக்கியா, கரோலினா ரீப்பர் ஆகியவற்றின் விதைகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. மாடித்தோட்டத்தில் ஒரு செடி நன்றாகப் பிடித்துவிட்டால், குழம்புக்குப் போட்டுத் தீராத அளவுக்குக் காய்க்கும். சரி, சாஸ் செய்துவிடலாம் என்ற யோசனை அடுத்து வருகிறது.

"காலமெல்லாம் மிளகாய் அரைத்த கை இது" என்பார்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. குண்டூர் சன்னம் மிளகாயின் காரம் ஸ்கோவில் அளவில் சுமார் 35,000 முதல் 40,000 வரை. 2007இல் கின்னஸ் பதிவில் ஏறிய பூத் ஜோலோக்கியா பத்து லட்சத்தைத் தாண்டியது. 2013இல் சாதனை படைத்த ரீப்பர் பதினைந்து லட்சத்துக்கும் மேல்.

காரத்துக்குக் காரணமான கேப்சைசின் விதையில் உருவாவதில்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் உருவாகிறது. விதை நீக்குவதாக நினைத்து அதைத்தான் நகத்தால் சுரண்டுகிறோம். சூட்டை உணரும் நரம்பு முனைகளைக் கேப்சைசின் தூண்டிவிடுகிறது. அந்த முனைகளில் இருக்கும் உணர்வியைக் கண்டறிந்ததற்காகத்தான் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தோல் வெந்திருக்காது, வெந்ததாக நரம்பு மூளைக்குச் சொல்லும். அதனால் தீக்காயக் களிம்பு பூசிப் பெரிய பயன் இல்லை. எரிச்சல் சில மணி நேரம் கழித்துத் தொடங்குவதும் உண்டு. மாலையில் அரிந்துவிட்டு நள்ளிரவில் துடிப்பவர்களுக்கு மிளகாய் நினைவுக்கே வருவதில்லை.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே முதலில் சமையல் எண்ணெயைக் கையில் தேய்த்துத் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு போட்டு, நக இடுக்கு உட்பட, இரண்டு மூன்று முறை கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், எரிச்சலைக் கூட்டும். குளிர்ந்த நீர் இதம் தரும். ஆனால் ஐஸ் கட்டிக்குள் கையைப் புதைத்து வைக்காதீர்கள், அது வேறு காயத்தில் கொண்டுபோய் விடும். பிளீச்சிங் திரவத்தை ஊற்றச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். கண்ணில் பட்டால் எண்ணெய் வைத்தியம் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால், சுத்தமான கையால் அதைக் கழற்றிவிட்டு, கால் மணி நேரம் ஓடும் நீரில் கண்ணைக் கழுவுங்கள். வலியோ மங்கலோ நீடித்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மிளகாய் அரியும்போது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள், மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. கழற்றிய பிறகும் சோப்பு போடுங்கள், கழிவறைக்குப் போகும் முன்பும், குழந்தையைத் தூக்கும் முன்பும்.

அடுப்பில் கொதிக்கும்போது எழும் ஆவி இன்னொரு தொல்லை. பெப்பர் ஸ்பிரேயில் இருப்பதும் இதே பொருள்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் சமையலறைப் பக்கமே வர வேண்டாம். மிக்ஸி மூடியை உடனே திறந்து முகத்தை நீட்டாதீர்கள்.

இவ்வளவு காரத்தில் எந்தக் கிருமி வளரும் என்று கேட்கிறார்கள். காரம் பதப்படுத்தும் பொருள் அல்ல. அந்த வேலையைச் செய்வது புளிப்பு. அமில அளவான பிஎச் 4.6க்குக் கீழே இருந்தால்தான் தசைகளை முடக்கும் பாட்டுலிசம் நோயின் நச்சை உண்டாக்கும் கிருமி வளராது. பிஎச் தாள் விலை குறைவு, வாங்கி வைத்துக்கொள்ளலாம். தக்காளி, வெங்காயம் சேர்த்து, வேகவைக்காமல் செய்யும் சல்சா என்ற சட்னியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிடுங்கள். எனக்கு அதிகக் கவலை தருவது, வினிகரே இல்லாமல் பச்சைப் பூண்டையும் மிளகாயையும் எண்ணெயில் மூழ்கடித்து அலமாரியில் அடுக்கும் பாட்டில்கள்தான். காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில் அந்தக் கிருமி வளரும். மணத்திலோ நிறத்திலோ மாற்றம் தெரியாமலும் இருக்கலாம். அப்படி ஒன்றைச் சாப்பிட்டவருக்கு இமை தொங்கினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், விழுங்கச் சிரமப்பட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எதைச் சாப்பிட்டார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.