ஒரு கன மீட்டர் மரத்தை வெட்ட என்ன செலவு?

நிற்கும் மரத்தின் மதிப்பைப் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். ஆலை வாசலில் கிடைக்கும் விலையில் வெட்டும் செலவு, கட்டைகளைச் சாலை வரை கொண்டுவரும் இழுவைச் செலவு, லாரிச் செலவு எல்லாம் கழிந்தால் மிஞ்சுவதே மரத்தின் மதிப்பு. ஆலை விலை 100, செலவு 80 என்றால் மிச்சம் 20. செலவுக் கணக்கு 10 சதவீதம் தவறினால் போதும், அந்த மிச்சம் 40 சதவீதம் தவறிவிடும். 30, 40 ஆண்டுத் திட்டங்கள் இந்த எண்ணை நம்பித்தான் போடப்படுகின்றன.

சென்ற ஆண்டின் மொத்தச் செலவை மொத்தக் கன மீட்டரால் வகுத்து வரும் சராசரியையே அடுத்த ஆண்டுகளுக்கும் வைத்துக்கொள்வது பலருடைய வழக்கம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. சென்ற ஆண்டு சாலையோரச் சமநிலத்தில் பருமரங்களை வெட்டியிருப்பார்கள். அடுத்த ஆண்டுக் கூப்பு, அதாவது வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுப் பகுதி, செங்குத்துச் சரிவில் இருக்கும்.

செலவை எல்லாவற்றையும்விட அதிகமாக ஆட்டிவைப்பது மரத்தின் பருமன். ஒரு கற்பனைக் கணக்கு: 0.1 கன மீட்டர் மரத்தை வெட்டிக் கிளை கழிக்க இயந்திரத்துக்கு 30 விநாடி, 0.5 கன மீட்டர் மரத்துக்கு 50 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மரம் ஐந்து மடங்கு பெரிது. நேரமோ இரண்டு மடங்குகூட இல்லை. ஏனென்றால் அடுத்த மரத்துக்கு நகர்வதும் பிடிப்பதும் எந்த மரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக மணிக்குச் சிறுமரத்தில் 12, பெருமரத்தில் 36 கன மீட்டர் கிடைக்கும். இயந்திரத்தின் மணிச் செலவு 1,800 என்றால் கன மீட்டருக்கு 150, 50 என்று வந்து நிற்கும். இரண்டையும் ஒரே சராசரியில் போட்டால், நட்டத்தில் ஓடும் இளமரக் களைவெட்டு (நெருக்கத்தைக் குறைக்கச் சில இளமரங்களை வெட்டுவது) லாபம்போல் தெரியும்.

அதனால் திட்டத்துக்காக முன்கூட்டியே வகுத்துவைக்கும் கன மீட்டர் செலவு ஒரே ஓர் எண்ணாக இருக்க முடியாது. மரப்பருமன், சரிவு, சாலைக்கு உள்ள தூரம் ஆகியவற்றைக் கொடுத்தால் விடை தரும் ஒரு சூத்திரமாகவே அது இருக்க வேண்டும். தூரத்தின் பங்கை 1942-லேயே அமெரிக்க வனவியலாளர் டொனால்ட் மேத்யூஸ் அலசியிருக்கிறார். சாலைகளை நெருக்கமாகப் போட்டால் சாலைச் செலவு ஏறும், தள்ளிப் போட்டால் இழுவைச் செலவு ஏறும். எளிய கணக்கில், கன மீட்டருக்கான சாலைச் செலவும் தூரத்தால் கூடும் இழுவைச் செலவும் சமமாகும் இடைவெளியில்தான் மொத்தம் மிகக் குறைவு.

மணிச் செலவிலும் ஒழுங்கு தேவை. தேய்மானம், வட்டி, காப்பீடு ஆகியவை இயந்திரம் சும்மா நின்றாலும் ஓடும். டீசலும் பழுதுபார்ப்பும் வேலை நடந்தால்தான். எந்த மணி என்பதையும் சொல்லியாக வேண்டும். நார்டிக் நாடுகளில் 15 நிமிடம் வரையிலான தடங்கல்களை உள்ளடக்கியே வேலை மணியைக் கணக்கிடுவது வழக்கம். ஒருவர் தடங்கலைச் சேர்த்தும் மற்றவர் விட்டும் கணக்கிட்டால் இரு எண்களையும் ஒப்பிடவே முடியாது.

அளவிலும் இதே சிக்கல். பட்டையோடா, பட்டை நீக்கியா? அடுக்கின் கன அளவா, இடைவெளி கழித்த மரத்தின் கன அளவா? எடையில் அளந்தால் பச்சை மரத்தில் பாதி வரை நீராகவே இருக்கலாம். அதே கட்டை சில வாரம் கிடந்தால் எடை இறங்கிவிடும்.

கடைசியில் பணம். எதிர்காலச் செலவை இன்றைய விலையிலேயே எழுதினால், இன்றைய மதிப்புக்குக் கழிக்கும் வட்டி விகிதத்திலிருந்தும் பணவீக்கத்தை எடுத்துவிட வேண்டும். ஒன்றில் எடுத்து மற்றதில் விட்டால், தொலைவிலுள்ள அறுவடைகள் காரணமே இல்லாமல் மதிப்பிழக்கும். காட்டை உரிய வயதுக்கு முன்பே வெட்டச் சொல்லி அந்தக் கணக்கு தூண்டும்.