சாமி எப்போது மாத்திரையை நிறுத்தச் சொன்னது?

தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. விரதத்தில் வலிப்பு மாத்திரையை நிறுத்தி, வலிப்பு வந்து என்னிடம் சேர்ந்தவர்களில் இந்த ஆண்டு மூன்றாவது ஆள், 22 வயதுத் தம்பி. முன்பல் ஒன்று போயிருந்தது. விடியற்காலையில் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில், காவடியைத் தூக்கும் முன்பே வலிப்பு. உறுமி மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால், மருள் வந்துவிட்டது, சாமி இறங்கிவிட்டது என்று நினைத்துச் சுற்றியிருந்தவர்கள் வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்திருக்கிறார்கள்.

அவன் அம்மா கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டைகளை மேசைமேல் அடுக்கினார். ஒரு குமிழ்கூட உடையவில்லை. "48 நாள் விரதம் டாக்டர். சுத்தமா இருக்கட்டும்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த மாமா கேட்டார்: "டாக்டருக்குச் சாமி நம்பிக்கை இல்லையோ?"

எனக்கு அலுத்துப்போன கேள்வி இது. மூளைக்கு வைத்தியம் பார்த்தால் சாமியை மறுத்ததாக அர்த்தம் என்று யார் சொன்னது? இதற்கு நேர் எதிரில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. பக்தியெல்லாம் மூளைக் கோளாறு, ஸ்கேனில் நிரூபித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் கூட்டம். இரண்டு பேரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். அம்மாவின் குரல் காதில் விழுந்தால் மூளையின் சில பகுதிகளில் ரத்த ஓட்டம் கூடும். அதை ஸ்கேனில் பார்த்துவிட்டு, அம்மா என்பது வெறும் ரத்த ஓட்டம் என்று சொல்வீர்களா? ஸ்கேன் காட்டுவது கும்பிடுகிறவரின் மூளையை. கும்பிடப்படுபவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. எனக்கும் அந்த வேலை கிடையாது.

நம் தமிழர், நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் மூளையில் கடவுள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு செய்தி ஆண்டுதோறும் என் கைப்பேசிக்கு வந்து சேரும். மூளையில் நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதியில் (temporal lobe) வலிப்பு உள்ள ஒருசில நோயாளிகளிடம் சமயச் சொற்களைக் காட்டி, கைத்தோலில் ஏற்படும் மின் மாற்றத்தை அவர் அளந்தார். 1997-இல் பத்திரிகைகள் அதைக் 'கடவுள் புள்ளி' ஆக்கிவிட்டன. 2006-இல் கனடாவில் 15 கன்னியாஸ்திரீகளை ஸ்கேன் செய்தபோது ஒரு புள்ளி கிடைக்கவில்லை. மூளையின் பல பகுதிகள் சேர்ந்து வேலை செய்தன. இந்தச் செய்தியை மட்டும் யாரும் எனக்கு அனுப்புவதில்லை.

சரி, மருளையும் வலிப்பையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மருள் உடுக்கைக்கும் உறுமிக்கும் வரும், பூசாரி விபூதி போட்டால் மலையேறும், கேள்வி கேட்டால் பதில் சொல்லும். வலிப்புக்கு மேளம் வேண்டாம். சோறு தின்னும்போது வரும், குளிக்கும்போது வரும். கீழே விழுந்து நுரை தள்ளினால்தான் வலிப்பு என்றில்லை. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், இல்லாத நாற்றம் அடிக்கும், கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கும், வாய் சப்புக்கொட்டும், விரல்கள் சட்டையைப் பிசையும். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடியும், பிறகு குழப்பம். ஒவ்வொரு முறையும் அச்சடித்த மாதிரி அதே வரிசை. அபூர்வமாகச் சிலருக்கு அந்தக் கணம் பேரானந்தமாக இருக்கும். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கிக்கு அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்த இளம்பெண் சில நாட்களில் ஆளே மாறி, தூங்காமல், யாரோ பேசுவதாகச் சொல்லி, முகம் கோணி, பேச்சு நின்று, வலிப்பும் வந்தால் கோயில் கோயிலாக, பொமோ (மலாய் மந்திரவாதி) வீடு வீடாக அலையாதீர்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒரு வகை மூளையழற்சியாக இருக்கலாம். 2007-இல்தான் இதற்குப் பெயரே வைத்தார்கள். சில பெண்களுக்குச் சினைப்பையில் உள்ள கட்டி காரணமாக இருக்கும். சீக்கிரம் வந்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். பூசை செய்ய ஆசையிருந்தால் செய்யுங்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு.

விரதக்காரர்களுக்கு: மாத்திரை தீட்டு அல்ல. சில கேப்சூல்களின் ஓட்டில் ஜெலட்டின் இருக்கும், மாட்டிலிருந்து எடுத்ததோ என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. என்னைக் கேளுங்கள், வேறு மாத்திரையோ சிரப்போ எழுதித் தருகிறேன். திடீரென்று நிறுத்தினால்தான் ஆபத்து. அதோடு பட்டினி, ராத்திரி முழுக்கக் கண்விழிப்பு எல்லாம் சேர்ந்தால் வலிப்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

யாராவது விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், எலுமிச்சம்பழமும்தான். கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

எழுந்து போகும்போது அந்த அம்மா மெல்லக் கேட்டார்: "அடுத்த வருசம் இவன் காவடி எடுக்கலாமா டாக்டர்?" மாத்திரை ஒருவேளைகூடத் தப்பாமல், ராத்திரி நன்றாகத் தூங்கி, அதுவரை வலிப்பு வராமல் இருந்தால் 513 படியும் ஏறட்டும், ஆனால் அலகு வேண்டாம், பால்குடம் எடுக்கட்டும் என்றேன். "அலகுன்னு வேண்டிக்கிட்டேனே" என்றார். இரண்டு மாதம் கழித்து மறுபடி வருகிறார்கள். பேரம் அப்போது தொடரும்.