சூத்திரத்தை ஒப்பிக்கும் முன் ஒரு தடவை வருவித்துப் பாருங்கள்

"மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ் ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, பை டூ ஏ." ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி = 0 என்ற இருபடிச் சமன்பாட்டில் எக்ஸ்-ஐக் கண்டுபிடிக்கும் சூத்திரம் இது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் உண்டு. விடைத்தாளைத் திருத்தும்போதுதான் சங்கதி தெரியும். 2ஏ-யை வர்க்கமூலத்துக்குக் கீழே மட்டும் போட்டு, மைனஸ் பி-யைத் தனியாக விட்டிருப்பார்கள். கவனக்குறைவு என்று திட்டுகிறோம். எனக்கென்னவோ, அந்த 2ஏ எங்கிருந்து வந்தது என்று யாரும் காட்டாததுதான் காரணம் என்று படுகிறது.

வழக்கமான வழி, முழுவதையும் ஏ-யால் வகுத்துவிட்டு வர்க்கப் பூர்த்தி செய்வது, அதாவது இடப்பக்கத்தை ஒரு முழு வர்க்கமாக்குவது. தப்பில்லை. ஆனால் முதல் வரியிலேயே பின்னம் வந்துவிடும்; பின்னத்துக்குப் பயப்படும் பிள்ளை அங்கேயே கழன்றுகொள்ளும். எனக்குப் பிடித்தது பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் வழி. அவருடைய இயற்கணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எடுத்துச் சொன்னதால் விதி மட்டும் பிழைத்தது. எக்ஸ்²-இன் கெழுவை (அதன் முன் நிற்கும் எண்ணை) நான்கு மடங்காக்கி, அதனால் இருபுறமும் பெருக்க வேண்டும். அப்புறம், எக்ஸ்-இன் பழைய கெழுவை வர்க்கப்படுத்தி இருபுறமும் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் எண்ணிலேயே செய்து காட்டுங்கள்.

2எக்ஸ்² + 7எக்ஸ் + 3 = 0

3-ஐ வலப்பக்கம் தள்ளி, 8-ஆல் பெருக்கினால்:

16எக்ஸ்² + 56எக்ஸ் = −24

7-இன் வர்க்கம் 49-ஐக் கூட்டினால்:

(4எக்ஸ் + 7)² = 25

4எக்ஸ் + 7 என்பது 5 அல்லது −5. எனவே எக்ஸ் = −1/2 அல்லது −3.

நான்கு மடங்கு எதற்கு என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்க வேண்டும். வெறும் 2-ஆல் பெருக்கினாலே முதல் உறுப்பு 4எக்ஸ்², அதாவது வர்க்கம்தான். ஆனால் நடு உறுப்பு 14எக்ஸ் ஆகி, (2எக்ஸ் + 7/2)² என்று எழுத வேண்டிவரும். அந்த அரையை விரட்டத்தான் 4.

இனி எண்களுக்குப் பதில் எழுத்துகள்:

(2ஏஎக்ஸ் + பி)² = பி² − 4ஏசி

வர்க்கமூலம் எடுத்து, பி-யை வலப்பக்கம் கொண்டுபோன பிறகுதான் 2ஏ-யால் வகுக்கிறோம். அதனால் அது மைனஸ் பி-க்கும் வர்க்கமூலத்துக்கும் சேர்த்தே கீழே வருகிறது. மூலங்கள் (எக்ஸ்-இன் விடைகள்) எப்படிப்பட்டவை என்று சொல்லும் பி² − 4ஏசி என்ற தன்மைகாட்டியையும் தனி அட்டவணையாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இடப்பக்கம் இருப்பது ஒரு வர்க்கம். வலப்பக்கம் குறை எண் வந்தால் மெய் மூலங்கள் எப்படி இருக்கும்?