குறுக்கு விட்டத்தை மாற்றுவதற்கு முன்னால்

வீட்டிலேயே கட்டிய கேட்டமரன்களை, அதாவது இரண்டு உடல் கொண்ட பாய்மரப் படகுகளை, பரிசோதிப்பது என் வேலை. இரண்டு உடல்களையும் இணைக்கும் குறுக்கு விட்டம் உளுத்துவிட்டது என்றதும் உரிமையாளர் கேட்பது ஒன்றுதான்: "அலுமினியம் போட்டுவிடலாமா?" போடலாம். ஆனால் முதலில் பழைய விட்டம் ஏன் கெட்டது என்று பாருங்கள்.

1955-56ல் ஒரு சிறு கேட்டமரனில் அட்லாண்டிக்கைக் கடந்தவர் பிரிட்டன் வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாரம். அவருடைய டிக்கி வகைப் படகுகளில் மர விட்டங்களைக் கயிற்றால்தான் கட்டியிருப்பார்கள். விட்டத்தின் நடுப்பகுதி பளபளப்பாக இருக்கும். கயிற்றை அவிழ்த்து அடியில் குத்தூசியை வைத்தால் தடையே இல்லாமல் உள்ளே இறங்கும். கயிறு உரசிப் பெயின்ட் தேய்ந்து, அங்கே தண்ணீர் தங்கியிருக்கும். மரத்தின் வெட்டுமுனை இன்னும் வேகமாக நீரை உறிஞ்சும். இது மரத்தின் குற்றம் அல்ல, பூச்சின் குற்றம். நன்றாக உலர்ந்த டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தை எபாக்சி பிசினால் ஒட்டி, வெட்டுமுனைகளுக்குப் பலமுறை எபாக்சி பூசி, கயிறு படும் இடத்தில் கண்ணாடி இழை போர்த்தினால் மீண்டும் மரமே போதும். கயிற்றுக்கட்டுப் படகுக்கு நான் சொல்வதும் அதைத்தான்.

அலுமினியம் என்றால் விறைப்பைக் கணக்கிட்டே ஆகவேண்டும். அலுமினியத்தின் விறைப்பு டக்ளஸ் ஃபிரைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதை நம்பிச் சிலர் மெலிந்த குழாயை வாங்கிவிடுகிறார்கள். விட்டத்தின் உயரம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். குழாய் உள்ளே வெற்று வேறு. பாய்மரம் நிற்கும் விட்டத்தின் மேல் விழுவது பாய்மரத்தின் எடை மட்டுமல்ல, அதை நிமிர்த்திப் பிடிக்கும் பக்கக் கம்பிகளின் இழுப்பும் சேர்ந்துதான். விட்டம் வளைந்தால் கம்பிகள் தளர்ந்து பாய்மரம் ஆடும்.

பழைய அலுமினியப் பாய்மரத்தை அறுத்து விட்டமாக்குவதும் நடக்கிறது. அதன் சுவர் மெல்லியது. பாய்மரம் ஊன்றும் இடத்தில் நசுங்காமலிருக்க உள்ளே இன்னொரு குழாய் செருக வேண்டும். அங்கே வெல்டிங் மட்டும் வேண்டாம். 6061-டி6 போன்ற அலுமினியக் கலவை வெல்டிங் சூட்டில் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். துளைகளையும் மேல், கீழ் முகங்களில் போடாமல் பக்கவாட்டில் நடு உயரத்தில் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டு நேராக அலுமினியத்தைத் தொட்டால் உப்புநீரில் அரிப்பு பிடித்து வெள்ளைப் பொடி பூக்கும். நைலான் வாஷரும் அரிப்புத் தடுப்புப் பசையும் அவசியம்.

கார்பன் இழை விட்டம் வேண்டுமென்றால் வடிவமைப்பாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள், ஊகத்தில் செய்யாதீர்கள்.

எந்த விட்டமானாலும் கட்டுவதற்கு நைலான் கயிறு ஆகாது, இழுபடும். பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லாக் கட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள்.