ஆபாசச் செயல்: சொல் விளக்கம்

நிறுத்தி வைத்த காருக்குள் நெருக்கமாக இருந்த இருவர் மேல் வழக்குப் பதிவானால், அவர்கள் செய்ததற்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘ஆபாசச் செயல்’. அன்றாடப் பேச்சில் ஆபாசம் என்றால் அருவருப்பானது, அசிங்கமானது, சொல்லவே கூசுவது. சட்டம் இந்தச் சொல்லை அத்தனை அகலமாக ஆள்வதில்லை. இந்த இடைவெளி தெரியாததால்தான் பலர் தேவையற்ற அச்சத்துக்கு ஆளாகிறார்கள். வேறு சிலரோ உண்மையான ஆபத்தை உணராமல் இருந்துவிடுகிறார்கள்.

ஆபாசம் வடமொழி வழி வந்தது. அதன் வேரான ‘பாஸ்’ என்பதற்கு ஒளிர்தல், தோன்றுதல் என்று பொருள். ஆகவே ஆபாசம் என்பது முதலில் தோற்றம், குறிப்பாக மெய்போலக் காட்டும் பொய்த்தோற்றம். காரணம்போலத் தோன்றிக் காரணமாகாமல் போவதைத் தருக்க நூலார் ‘ஹேத்வாபாசம்’ என்றார்கள். அதையே தமிழ் அளவை நூல்கள் ‘ஏதுப்போலி’ என்றன. போலி என்ற பொருளில் இருந்த சொல் முறைகேடு, அசுத்தம் என்று இறங்கி, இன்று பாலியல் தொடர்பான வசையாக நின்றுவிட்டது.

சட்டத்துக்கு வருவோம். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 294-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவாக இருக்கிறது. செயல் ஆபாசமாக இருக்க வேண்டும், பொது இடத்தில் நடந்திருக்க வேண்டும், அதனால் பிறர் எரிச்சலுக்கு உள்ளாகியிருக்க வேண்டும். தண்டனை 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வயதுவந்த இருவர் மனமொத்துக் கூடுவதை இந்தப் பிரிவு குற்றம் என்று சொல்லவில்லை. எங்கே, யார் முன்னால் என்பதுதான் அதன் கேள்வி. இருவரில் ஒருவர் 18 வயது நிரம்பாதவராக இருந்தால் மட்டும் எல்லாம் மாறிவிடும். அங்கே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் வரும். சம்மதம் என்ற வாதம் செல்லாது.

அப்படியானால் கார் பொது இடமா? கதவைச் சாத்தியதும் அது சொந்த அறையாகிவிடுகிறது என்று நினைப்பது இயல்பு. உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இதில் இரு வேறு திசையில் நிற்கின்றன. பீகார் மதுவிலக்குச் சட்டம் பற்றிய 2019-ஆம் ஆண்டு வழக்கில், பொதுச்சாலையில் வரும் தனியார் வாகனமும் பொது இடமே என்றது. 2021-இல் போதைப்பொருள் வழக்கொன்றில், பொது வழியில் நின்ற தனியார் ஜீப் அந்தச் சட்டம் சொல்லும் பொது இடம் ஆகாது என்றது. இரண்டும் ஆபாச வழக்குகள் அல்ல. ஆனால் ‘என் கார், என் வீடு மாதிரி’ என்ற எண்ணத்தை நம்பி இருக்க முடியாது என்பதை இவை காட்டிவிடுகின்றன. பிற நாடுகளும் இதே முடிச்சோடுதான் போராடியிருக்கின்றன. பார்க்கக்கூடிய நிலையில் இருவராவது அங்கே இருந்தால் போதும், அவர்கள் உண்மையில் பார்த்திருக்கத் தேவையில்லை என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் சொன்னது. மனம் புண்படக்கூடிய ஒருவர் அங்கே இருப்பது தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ செய்தால்தான் குற்றம் என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1979-இல் வரையறுத்தது.

கண்ணில் படாமல் இருக்கக் கண்ணாடியைக் கறுப்பாக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. வாகனக் கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடை செய்தது. முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி. மறைவு தேடிக் கண்ணாடிகளை ஏற்றி, ஏசிக்காக எஞ்சினை ஓட விட்டு, மூடிய கராஜில் இருப்பது வழக்கைவிடக் கொடியது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம் என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். இப்படி இறந்தவர்கள் உண்டு. புகைக்குழாய் அடைபட்டிருந்தாலோ கசிந்தாலோ திறந்தவெளியிலும் இது நேரலாம்.

இனி, இதற்கு ஏற்ற தமிழ்ச் சொல். ‘ஒழுக்கக்கேடு’ என்றால் அது ஆளின் குணத்தையே பழிக்கிறது. ‘அநாகரிகச் செயல்’ பொருந்தலாம். ஆனால் எச்சில் துப்புவதும் அதில் அடங்கிவிடும். தொல்காப்பியத்தில் ‘அவையல் கிளவி’ என்றொரு சொல் இருக்கிறது. அவையில் சொல்லத் தகாத சொல் என்பது அதன் பொருள். அதை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. குற்றத்தை அது சொல்லின் மேல் சுமத்தாமல், சொல்லப்படும் இடத்தின் மேல் வைக்கிறது. அதே வழியில் ‘அவையல் செயல்’ என்று நாம் ஆளலாம். வீட்டுக்குள் பழியில்லாதது, பலர் வந்துபோகும் இடத்தில் தகாதது. சட்டப் பிரிவு கேட்பதும் இதைத்தான். எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் இச்சொல்லை எடுத்தாள வேண்டும் என்பது என் விருப்பம்.

ஏனெனில் ‘ஆபாசம்’ என்ற சொல்லே ஒரு மிரட்டல் கருவியாகிவிட்டது. இருட்டில் கண்ணாடியைத் தட்டிப் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு பணமும் நகையும் பறிப்பவர்கள் நம்பியிருப்பது அந்தச் சொல் தரும் அவமானத்தைத்தான். இந்தக் குற்றம் பிணையில் விடத்தக்கது என்று தெரிந்தவரை அவ்வளவு எளிதில் மிரட்ட முடியாது. அசாதாரணச் சூழல் தவிர, சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அப்படியே செய்தாலும் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றே செய்ய வேண்டும். கைபேசியில் படம்பிடித்து மிரட்டுபவர் செய்வதுதான் பெருங்குற்றம். அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம்பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு 3 ஆண்டு வரை சிறை வைக்கிறது. காரில் இருந்தவர்கள் மேல் பாயும் பிரிவின் உச்சத் தண்டனையைப் போல அது பன்னிரண்டு மடங்கு.